தரையில் படாத குதிகால்

அந்த ஹோட்டலில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. சமையலறைக்காரர்கள் வைத்த 'டக்டக் அக்கா' என்ற பெயரே நிலைத்துவிட்டது. பளிங்குத் தரையில் அவள் நடந்துவரும் சத்தம் நீளமான நடைபாதையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். அரட்டை அடித்துக்கொண்டிருப்பவர்கள் அதைக் கேட்டதும் மும்முரமாகத் துடைக்கவோ அடுக்கவோ தொடங்கிவிடுவார்கள். அவள் ஒன்றும் அதிகாரி இல்லை, வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நிற்கிறவள். ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு ஒரு மிரட்டல் இருந்தது. அது காலில் ஏறின வலியின் சத்தம் என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது.

வேலை கேட்டுப் போன நாளில் அவள் காலில் கிடந்தது சாதாரணத் தட்டைச் செருப்பு. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முன்கூடத்துக்கு மேற்பார்வையாக இருந்த அம்மாள், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர், அவளைப் பேசச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், தொலைபேசியை எடுத்து இல்லாத விருந்தாளிக்குப் பதில் சொல்லச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து கீழே பார்த்தார்.

"எல்லாம் சரிதாம்மா. மூஞ்சி இருக்கு, பேச்சு இருக்கு. காலுதான் சரியில்ல."

அவள் பதறிப்போய்த் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். நல்ல காலாகத்தான் இருந்தது.

"கறுப்பு ஹீல்ஸ் வாங்கிட்டு வா. குதிகால் ரெண்டு இஞ்சுக்குக் கொறையக் கூடாது. திங்கக்கிழமையிலேருந்து வந்துடு."

வாங்கிவந்து அடுப்பங்கரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினாள். அவள் புருஷன் தண்ணீர் பம்பு ரிப்பேர் செய்கிறவர். பிறந்ததிலிருந்து ரப்பர் செருப்பைத் தவிர வேறெதையும் காலில் ஏற்றாத மனிதர். வாசற்படியில் உட்கார்ந்து கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்.

"என்ன இது, வீட்டுக்குள்ள கொக்கு பூந்துடுச்சு?"

"சிரிங்க, சிரிங்க. விழுந்து காலு ஒடிஞ்சா நீங்கதான் சமைக்கணும்."

"அதுக்காகவாவது கையப் புடிக்கிறேன், வா" என்று எழுந்து வந்து, கிரீஸ் கையாலேயே பிடித்துக்கொண்டார். அந்தக் கறை அவளுடைய புதுச் சட்டையின் கைப்பகுதியில் பட்டதற்காக முதல் நாளே ஏச்சு வாங்கினாள்.

முன்கூடத்தில் சட்டதிட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. பாவாடை முட்டிக்குக் கீழே இவ்வளவு, நகம் விரல்நுனியைத் தாண்டாமல், கொண்டையிலிருந்து ஒரு மயிர் பிரிந்து நிற்கக் கூடாது, உதட்டுச் சாயம் மேலிடம் சொன்ன ஒரே சிவப்பு. மேற்பார்வை அம்மாள் ஒரு மர அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்துவார். பாவாடையை அளப்பார், பிறகு மண்டியிட்டு ஹீல்ஸை அளப்பார். தேய்ந்துபோன குதிகாலோடு வந்தவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

வரவேற்பு மேஜை அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது, கறுப்புக் கல். அதற்குப் பின்னால் நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் சோம்பேறித்தனமாகத் தெரியுமாம். வருகிறவர்கள் கண்ணுக்கு அவள் இடுப்புக்கு மேலேதான் தெரிவாள். இது அவளுக்கு இரண்டாம் நாளே உறைத்துவிட்டது.

"மேடம், ஒரு சந்தேகம். இந்த மேஜைக்குப் பின்னாடி என் காலு யாரு கண்ணுக்குமே தெரியலயே?"

"உனக்குத் தெரியுதுல்ல? ஹீல்ஸ் போட்டாத்தான் முதுகு நிமிரும். முதுகு நிமிந்தாத்தான் சிரிப்பு ஒழுங்கா வரும்."

சிரிப்புக்கும் குதிகாலுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள். வெறுங்காலோடு சிரித்தாள். அதே சிரிப்புதான் வந்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது?

வயிற்றில் பிள்ளை வந்தபோது, கொஞ்ச மாதத்துக்குத் தட்டைச் செருப்புப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். மேற்பார்வை அம்மாள், "போட்டுக்கோ. ஆனா கூடத்துல இல்ல" என்றார். அவளைச் சலவை அறைத் தொலைபேசிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே நீராவியும் சோப்பு வாடையும், எந்நேரமும் இயந்திரத்தின் இரைச்சல். ஆனால் உட்கார ஒரு ஸ்டூல் இருந்தது, காலில் செருப்பும் இருந்தது. அந்த வேலையில் அவள் வயிறு குளிர இருந்த காலம் அது ஒன்றுதான் என்று பின்னால் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். மகள் பிறந்து அவள் திரும்பிவந்த அன்று காலையில், அளவுகோல் அவளுக்காகக் காத்திருந்தது.

வருஷங்கள் ஓடின. முதலாளி போய் அவர் மகன் வந்தார். பாவாடை முட்டிக்கு மேலே ஏறியது. அடுத்து யாரோ ஆலோசகர் வந்து பாவாடையே வேண்டாம், முழுக்கால் பேன்ட் என்றார். பெண்கள் கொண்டாடினார்கள். பேன்ட்டுக்குக் கீழே ஹீல்ஸ் மட்டும் அப்படியே இருந்தது. உதட்டுச் சிவப்பு ஒருமுறை பழுப்பானது, ஒருமுறை ரோஜா நிறமானது. கொண்டை அவிழ்ந்து குதிரைவாலாகி, திரும்பவும் கொண்டையானது. மேலே என்னென்னவோ மாறும், அவள் ஒவ்வொரு தடவையும் நம்பிக்கையோடு சுற்றறிக்கையின் கடைசி வரி வரைக்கும் படிப்பாள். காலைப் பற்றி ஒரு சொல் இருக்காது. பழையபடியே என்று அர்த்தம்.

அவளுக்கு மண்டை காய்ந்தது டை விஷயத்தில்தான். ஆண்கள் எல்லாரும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு கோடையில் முதலாளியின் மகனுக்கே கழுத்தில் வேர்க்குரு வந்துவிட்டது. மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் ஒரே வரி: ஆண்களுக்கு இனி டை தேவையில்லை. அவ்வளவுதான். குழு இல்லை, கூட்டம் இல்லை. பெட்டி தூக்குகிற பையன்கள் டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு ஆடினார்கள்.

அவள் நேரே போய் முதலாளியின் மகன் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், டைய எடுத்துட்டீங்க. நல்லது. எங்க ஹீல்ஸையும் எடுத்துடலாமே? கால்ல ஆணி வந்துடுச்சு சார். சாயங்காலம் ஆனா தரையில ஊன முடியல."

"அது வேற, இது வேற" என்றார் அவர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே.

"எப்படி சார் வேற?"

"அது வசதி. இது தோற்றம்."

கழுத்தில் இருந்தால் வசதி, காலில் இருந்தால் தோற்றமா? அவள் வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மகளின் பள்ளிக்கூடம் இருந்தது, புருஷனுக்கு மழைக்காலத்தில் வேலை குறைவு. விழுங்காமல் என்ன செய்வாள்? அன்று வீட்டில் பாத்திரங்கள்தான் அடிவாங்கின. "அது வேற, இது வேற" என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லித் துலக்கினாள். மகள் அதைப் பிடித்துக்கொண்டு, கணக்கில் மதிப்பெண் குறைந்ததற்கும் அதையே சொல்லி உதை வாங்கினாள்.

இப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்தஞ்சு வருஷம் ஓட்டினாள். பெருவிரல் எலும்பு பக்கவாட்டில் புடைத்துக்கொண்டது. சின்னவிரல் பக்கத்து விரலுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பயமுறுத்தியது வேறொன்று. ஒரு விடுமுறை நாளில் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும்போது குதிகால் தரையில் படவில்லை. அழுத்தி வைத்தால் கெண்டைக்காலில் யாரோ கம்பியை இழுத்த மாதிரி வலித்தது. முன்காலாலேயே நடந்து பார்த்தாள், வலி இல்லை.

புருஷன்தான் முதலில் கவனித்தவர். "ஏம்மா, எதுக்குத் திருட்டுப்பூனை மாதிரி நடக்கிற?"

"தெரியலங்க. காலு எறங்க மாட்டேங்குது."

டாக்டர் அவள் பாதத்தை மேலும் கீழும் மடக்கிப் பார்த்தார். வருஷக்கணக்காகக் குதிகால் தூக்கியே இருந்ததால் கெண்டைத் தசை சுருங்கிவிட்டது, குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாரும் விறைத்துவிட்டது என்றார்.

"அப்ப ஹீல்ஸ கழட்டிடலாமா டாக்டர்?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"ஒரேயடியாக் கழட்டாதீங்க. கிழிஞ்சுடும். கொஞ்சம் கொஞ்சமா எறக்கணும். மாசக்கணக்காகும். முழுசா எறங்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அவள் வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னது இதுதான்: "போட்டுக்கிட்டிருந்தாலும் வலி, கழட்டினாலும் வலி. நல்லா மாட்டிவிட்டுருக்காங்க."

அந்த வருஷக் கடைசியில் ஹோட்டல் கைமாறியது. ஊர் ஊராக ஹோட்டல் வைத்திருக்கிற ஒரு பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது. புது மேனேஜர் வந்தார். அவள் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். அரைக்கைச் சட்டை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. எல்லாரையும் கூடத்தில் வட்டமாக நிற்கவைத்துப் பேசினார்.

"இனிமே இந்த கோட்டு, கொண்டை, ஹீல்ஸ் ஒண்ணும் கெடையாது. இங்க வர்றவங்களுக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கணும். நீங்களும் வீட்டுல இருக்கிற மாதிரி இருங்க. டி-ஷர்ட், காட்டன் பேன்ட், வெள்ளை ஷூ. எல்லாருக்கும் ஒண்ணுதான். நீங்கல்லாம் இன்னையிலேருந்து ஃப்ரீ!"

சின்னப் பெண்கள் கூச்சல் போட்டார்கள். ஒருத்தி அங்கேயே ஹீல்ஸைக் கழற்றி மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தாள். டக்டக் அக்கா தன் கையில் கொடுக்கப்பட்ட அட்டைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எத்தனை வருஷமாக அவள் கேட்ட வரம் அது. கொடுக்கிறவர் சிரித்துக்கொண்டே கொடுக்கிறார், வாங்கிக்கொள்ளத்தான் கால் இல்லை.

இருந்தாலும் ஆசை யாரை விட்டது. மறுநாள் போட்டுக்கொண்டு போனாள். பஞ்சு மாதிரி இருந்தது. மத்தியானத்துக்குள் இரண்டு கெண்டைக்காலும் நெருப்பாக எரிந்தன. மேஜையின் கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு தம்பதிக்கு அறைச் சாவியைக் கொடுத்தவள், அவர்கள் லிஃப்டுக்குள் போனதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த நாள் டி-ஷர்ட்டுக்குக் கீழே பழைய கறுப்பு ஹீல்ஸோடு வந்தாள். மேனேஜர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அறையைவிட்டு வெளியே வந்தார்.

"என்னக்கா, இன்னும் அதயே போட்டுருக்கீங்க? பழக்கம் விடலயா?"

"பழக்கம் இல்ல சார். காலு எறங்கல." டாக்டர் சொன்னதை அவள் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டுகிறவனையாவது மனசுக்குள் திருப்பித் திட்டலாம்.

"எனக்குப் புரியுதுக்கா. ஆனா நம்ம கான்செப்டே கம்ஃபர்ட். நீங்க ஒருத்தர் ஹீல்ஸ்ல நின்னா, நாம கட்டாயப்படுத்தறோம்னு கெஸ்ட் நெனச்சுக்குவாங்க."

"இப்ப நீங்க பண்றது என்ன சார்?"

"இது ஃப்ரீடம்க்கா. முடியாதுன்னா ஒரு சர்ட்டிஃபிகேட் குடுங்க, மேல அனுப்பறேன்."

அதுவரை 'சார்' என்று இருந்தது அவள் வாயில் சறுக்கியது. "தம்பி, அப்ப போட முடியலன்னதுக்குத் தோற்றம்னு சொன்னாங்க. இப்பக் கழட்ட முடியலன்னதுக்கு நீங்க சர்ட்டிஃபிகேட் கேக்கறீங்க. என் கால நான் எப்பதான் என்னுதுன்னு சொல்லிக்கிறது?"

தொலைபேசி அடித்தது, அதை எடுக்கப் போய்விட்டார்.

சர்ட்டிஃபிகேட் மேலே போய்ப் பதிலும் வந்தது. அவர்கள் மிகுந்த அக்கறையோடு ஒரு வழி சொல்லியிருந்தார்கள்: பின்னால் இருக்கிற முன்பதிவு அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை, அங்கே எந்தச் செருப்பும் போட்டுக்கொள்ளலாம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, களைத்து வந்தவர் யார், சண்டை போட்டுக்கொண்டு வந்த தம்பதி யார் என்று கண்டுபிடித்து அதற்கேற்பப் பேசுவதுதான் அவளுக்கு அந்த வேலையிலேயே பிடித்த பகுதி. காலுக்காக அதையும் விடுவதா?

"முன்னாடியே ஒரு ஸ்டூல் போட்டா உக்காந்தே பாத்துடுவேனே?" என்று கேட்டாள்.

"டிசைன்ல ஸ்டூல் இல்லக்கா" என்றார் மேனேஜர், அவரே வெட்கப்பட்டுக்கொண்டு.

புது ஹோட்டலின் விளம்பரத்துக்குப் படம் எடுத்த நாள் இன்னும் மோசம். எல்லாரும் வட்டமாக நின்று ஒவ்வொருவரும் ஒரு காலை உள்ளே நீட்ட வேண்டும், மேலேயிருந்து வெள்ளை ஷூக்களை மட்டும் படம் எடுப்பார்கள். படக்காரர், "அந்தக் கறுப்பு ஷூ மட்டும் கொஞ்சம் வெளிய" என்றார். அவள் வெளியே வந்து தூண் ஓரமாக நின்றாள். அந்த இடத்தில் அவளைவிட மூத்தவர்கள் யாரும் இல்லை. அந்தப் படம் இப்போது லிஃப்டுக்குப் பக்கத்தில் பெரிதாகத் தொங்குகிறது.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் பையைத் தூக்கி எறிந்தாள். மகள் கூடத்து மேஜையில் கணினியைத் திறந்துவைத்து அலுவலகக் கூட்டத்தில் இருந்தாள். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே பூப்போட்ட பைஜாமா. கூட்டம் முடிந்ததும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா, முகம் இப்படி இருக்கு?"

"உனக்கென்னடி, மேல ஆபீஸ், கீழ வீடு. உன் காலுக்கு யாரும் ரூல் போடல."

"கேமரா கீழ எறங்கினா அதுக்கும் போடுவாங்கம்மா" என்றாள் மகள். அம்மா சிரிக்கவில்லை என்றதும் கணினியை மூடிவைத்தாள்.

புருஷன் அட்டைப்பெட்டியிலிருந்த வெள்ளை ஷூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உள்ளே கையை விட்டு ஆழம் பார்த்தார். பிறகு பம்புக்கு வாஷர் வெட்டுகிற தடித்த ரப்பர் ஷீட்டை எடுத்துவந்து, அவள் குதிகாலை அதன்மேல் வைக்கச் சொல்லிச் சுற்றிக் கோடு போட்டார். வெட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஷூவுக்குள் பின்பக்கமாகச் செருகினார்.

"நிக்க முடியுதா பாரு."

நின்றாள். முடிந்தது. ஆனால் நடந்ததும் குதிகால் ஷூவைவிட்டு வெளியே எழும்பிக்கொண்டு வந்தது. கணுக்கால்வரை கயிறு கட்டுகிற உயரமான வெள்ளை ஷூவைக் கடை கடையாகத் தேடி வாங்கிவந்து, அதில் அடுக்கினார்கள். வெளியே பார்த்தால் எல்லார் ஷூவும் போலத்தான் இருந்தது.

"டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாத்தான எறக்கச் சொன்னாரு? காலு கேக்கும்போது ஒரு துண்ட உருவு" என்றார். "பம்பு டைட்டா இருந்தாலும் நாங்க இப்படித்தான் சரி பண்ணுவோம்."

"நான் என்ன பம்பா?"

"பம்பா இருந்தா எப்பவோ சரி பண்ணியிருப்பேன்."

அப்படியே ஹோட்டல் கூடத்தில் நின்றாள். சத்தம் நின்றுபோனதால் அரட்டை அடிக்கிற சமையலறைப் பையன்கள் திடீர் திடீரென்று மாட்டிக்கொண்டார்கள். வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் தாங்குகிற மாதிரி ஆனது. முதல் துண்டை உருவிய வாரம் நரக வேதனை. திரும்பவும் சொருகிக்கொண்டாள். பிறகு பாதித் துண்டாக வெட்டி உருவினாள்.

மேனேஜர் ஒருநாள் தன் அறைக்கு வந்தவளின் காலைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்தார். "பாத்தீங்களாக்கா! நான் சொன்னேன்ல, பழகிடும்னு. மனசுதான் காரணம்."

அத்தனை வருஷமாக விழுங்கியதெல்லாம் அவளுக்குத் தொண்டைக்கு வந்துவிட்டது. மேனேஜர் அறை மேஜைமேல் காலைத் தூக்கிவைக்கவில்லை, அவ்வளவுதான். குனிந்து கயிற்றை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, ரப்பர் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது மனசு இல்ல தம்பி. ரப்பர். என் வீட்டுக்காரர் வெட்டுனது."

அவர் துண்டுகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "சூப்பர் ஐடியாக்கா இது" என்றார். "ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கலாமா? ஊழியர்களோட புதுமைன்னு மேல அனுப்பலாம்."

அவள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, ஒற்றைக்கால் ஷூவோடு நொண்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டாள். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுகை முடிந்ததும் துண்டுகளைத் துடைத்துத் திரும்பவும் செருகிக்கொண்டு மேஜைக்குப் போனாள். யாரோ ஒரு குடும்பம் பெட்டிகளோடு காத்திருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, அந்த மேனேஜர் அதற்குப் பிறகு மேலிடத்தில் பேசித்தான் இருக்கிறார். சீருடை பற்றி ஊழியர்களிடம் கருத்துக் கேட்க ஒரு கூட்டம் வைத்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி பெரிய திரையில் வந்தார். சின்னப் பெண்கள் டி-ஷர்ட்டின் நிறத்தைப் பற்றிச் சொன்னார்கள். கடைசியில் அவள் எழுந்தாள்.

"மேடம், என்ன போடணும்னு சட்டைக்குச் சொல்லுங்க, பேன்ட்டுக்குச் சொல்லுங்க. காலுக்கு மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க. சுத்தமா இருக்கணும், வழுக்கக் கூடாது, அது போதும். மத்ததை அவங்கவங்க காலு பாத்துக்கும். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல இந்தத் தரையில நின்னவ சொல்றேன்."

கூடம் முழுக்கக் கைதட்டல். திரையிலிருந்த அதிகாரி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். "அருமையா சொன்னீங்க. தேர்ந்தெடுக்கிற உரிமை, அதானே? கண்டிப்பாச் செய்வோம்" என்று எழுதிக்கொண்டார். அன்று அவள் வீட்டுக்கு வந்து எல்லாரையும் வெளியே சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாள்.

இரண்டு மாதம் கழித்துப் புதுச் சுற்றறிக்கை வந்தது. தலைப்பில் 'உங்கள் தேர்வு' என்று போட்டிருந்தது. ஊழியர்கள் இனி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ அல்லது சாம்பல் நிறக் கேன்வாஸ் ஷூ, இரண்டில் தங்களுக்கு விருப்பமானதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இரண்டும் தட்டை. இரண்டும் கணுக்காலுக்குக் கீழே. உயரமான ஷூ அனுமதியில்லை.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மேனேஜர் அறைக்குப் போய்க் கதவிலேயே நின்றாள். அவர் ஏற்கெனவே தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"நான் இப்படிச் சொல்லலக்கா."

"தெரியும் தம்பி."

"நீங்க இப்பப் போட்டுருக்கறதையே போட்டுக்கங்க. நான் பாக்கல."

"நீங்க மாறிப் போயிட்டா? அடுத்து வர்றவரு பாப்பாரே?"

அவர் சுற்றறிக்கையை மடித்து இழுப்பறைக்குள் போட்டார். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. பிடிவாதம் பிடிக்கத் தெம்பில்லை என்பதில்லை, ஓய்வுபெற இன்னும் சில வருஷம்தான் இருந்தது, அதை ஜன்னல் இல்லாத அறையில் கழிக்க மனசில்லை. சாம்பல் நிறத்தில், தன் அளவுக்கு இரண்டு எண் பெரிதாக ஒரு ஜோடி எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். பெரிதாக இருந்தால் உள்ளே இடம் இருக்கும்.

வீட்டில் புருஷன் புது ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு முணுமுணுத்தார். பழைய துண்டுகள் இதற்குப் பொருந்தவில்லை, அடி அகலமாக இருக்கிறது, பின்பக்கம் தாழ்வாக இருக்கிறது, கழன்று விழாமல் இருக்கக் கயிறு போக ஓட்டை போட வேண்டும்.

"இவனுங்களுக்கு வேற வேலையே இல்லயா?" என்றார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே.

"இதுதான் அவங்க வேலை" என்றாள் அவள், பாதத்தை ரப்பர் ஷீட்டின்மேல் வைத்து. "நீங்க வெட்டுங்க."